சவுக்குத் தோப்பில் என் பங்கு

போன ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூர் பக்கம் ஒரு முள்வேலிக்கு வெளியே, கையில் சுருட்டிய பாயோடு, உச்சி வெயிலில் நின்றேன். எல்லாம் என் வாயால் வந்த வினை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் பொறாமை புதிதில்லை. ஆனாலும் எதிர் குவார்ட்டர்ஸ் தெய்வசிகாமணி விஷயத்தில் நீங்களே நியாயம் சொல்லுங்கள். அவருக்கும் எனக்கும் ஒரே சுரங்கக் கம்பெனியில் ஒரே கிரேடு, ஒரே ஷிப்ட், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். மாமனார் வழியில் அவருக்கு ஒரு சவுக்குத் தோப்பு வந்தது. எனக்கு மாமனார் வழியில் ஒரு பித்தளை அண்டா வந்தது.

"பசங்க மைன்ஸ் தூசியிலயே கெடக்குதுங்க சார். ஞாயித்துக்கிழமை தோப்புக்குக் கூட்டிட்டு வாங்க" என்று ஒருநாள் அவரே அழைத்தார். அதிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் பிளாக் மொத்தமும் புளியோதரை, தயிர் சாதத்தோடு பஸ் ஏறிவிடும். தோப்புக்கு வேலி கிடையாது, கேட் கிடையாது. ஓரத்தில் ஒரு முந்திரி மரம். அதன் கிளையில் ஊஞ்சல் கட்டி ஆட வேண்டுமென்று என் மகள் வெள்ளிக்கிழமையே நச்சரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி சொல்வாள் – "அந்த மனசு யாருக்குங்க வரும்?"

எனக்கு வயிறு எரியும். தோப்பு இருந்தால் எனக்கும்தான் வரும். அண்டாவை வைத்துக்கொண்டு யாருக்கு நிழல் கொடுப்பது?

சமீபத்தில் பாதித் தோப்பை வெட்டி லாரியில் ஏற்றினார். "டாக்ஸ் நெறைய வருமே சார்?" என்று விசாரித்தேன். வரட்டும் என்ற ஆசைதான்.

"விவசாய வருமானம் சார். இன்கம்டாக்ஸ் கிடையாது."

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சம்பளக் கவர் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். கிரேடு ஒன்று, ஷிப்ட் ஒன்று… வரி மட்டும் எனக்கா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை தோப்பில் சாப்பிட்டு முடித்ததும், எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தேன். "இவருக்கு அரசாங்கம் வரியை விட்டுக் கொடுக்குது. அதையும் சேர்த்து யார் கட்டறது? நாமதான். அப்போ இந்தத் தோப்புல நமக்கும் பங்கு இருக்கு. நம்மள உள்ள விடறது இவர் பெரிய மனசு இல்ல, நம்ம பாத்தியதை."

வேடிக்கையாகத்தான் கைதட்டினார்கள். ஆனால் எங்கள் டவுன்ஷிப்காரர்களைத்தான் தெரியுமே. எங்களுக்கு அங்கே ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லை. குழாய் சொட்டினாலும் பல்ப் போனாலும் கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று கம்ப்ளெயின்ட் கொடுத்தே பழகியவர்கள். பங்கு என்றதும் அந்தப் பழக்கம் எழுந்துகொண்டது. "ஒரு குழாய் போட்டிருக்கலாம் சார்" என்றார் ஒருவர். "ரெண்டு சிமென்ட் பெஞ்ச்சும்" என்றார் இன்னொருவர்.

தெய்வசிகாமணி சிரித்தார். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மைத்துனர் சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு போய் இறங்கினால்… தோப்பைச் சுற்றி முள். உள்ளே மைத்துனர்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. விருந்தாளியா வந்தீங்க, இது ஒங்க தோப்புன்னு உட்டோம். இப்ப பங்காளின்னு சொல்லிக்கினு வர்றீங்க. நாளைக்குக் கோர்ட்டுல போயி நிக்கிறது யாருங்க?"

எங்களோடு வந்திருந்த தெய்வசிகாமணிக்கே வேலி போட்ட விஷயம் தெரியாதாம். எங்கள் பக்கத்தில், வெளியேதான் நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. உடனே பிளாக் மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆறுதல் சொன்னது. யாரோ ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள். அதுவும் அவருக்குத்தான்! தோப்பு போய் வெயிலில் நிற்கும்போதும் மரியாதை அவர் பக்கமே போனால் மனிதன் எப்படித் தாங்குவான்?

என் மகள் முள் இடுக்கு வழியாக முந்திரி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி என் கையிலிருந்த பாயை வாங்கினாள்.

"உங்க டாக்ஸுக்கு உள்ள பங்கு எந்தப் பக்கம்னு காட்டுங்க. பாயை விரிக்கணும்."