சாய்வு மாறிய தையல்

மூடியைத் திறந்து மூடினார். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை திறந்து மூடினார். 'டப்' என்று கேட்க வேண்டிய சத்தம் 'டப்' என்றுதான் கேட்டது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திருப்பி ஓரத்து மெருகின் மேல் நகத்தை ஓட்டினார். பசை வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய தோலைக் கன்னத்தில் தேய்த்தார். "கன்னத்துல உறுத்துனா கண்ணாடியில கீறும்" என்றார், யாரும் கேட்காமலே. பிறகு, போனால் போகிறது என்பதுபோல அதைக் கூடையில் போட்டார்.

அந்தப் பட்டறையில் அவரைப் போலீஸ் அக்கா என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராகவே. விலை உயர்ந்த மூக்குக்கண்ணாடிகளுக்குக் கையால் தோல் கூடு தைக்கிற பட்டறை அது. யார் தைத்தாலும் ஜன்னலோரம் இருக்கும் அக்காவின் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பிடிக்காத கூட்டின் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி விழும். பிடித்துப்போனால் ஒன்றும் விழாது, ஒரு நல்ல வார்த்தைகூட. பாராட்டு என்பது லஞ்சத்துக்குத் தங்கை முறை என்பது அவர் கட்சி.

வேலை நேரம் முடிந்தாலும் சந்தேகத்துக்கு ஓய்வு கிடையாது. காய்கறிக் கடையில் தராசு ஆடும்போது அவர் முள்ளைப் பார்ப்பதில்லை, கடைக்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பார். டாக்டர் "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னால், "ஒண்ணுமில்லைன்னு ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்றாரு?" என்று வீட்டுக்காரரைக் குடைவார். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். சாயங்காலம் வாசலிலேயே சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். சும்மா தமாஷுக்குச் செய்கிறேன் என்பார். அக்கா அதையும் நம்புவதில்லை.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அது அவர் தம்பி. ஏதோ ஒரு கம்பெனியில் கிடங்குப் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்து உட்காருவான். "வேலையெல்லாம் எப்படிடா போகுது?" "ஓடுதுக்கா." அதோடு விசாரணை முடிந்தது. தம்பி பெண்டாட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அவளும் இதே பட்டறையில்தான் தைக்கிறாள், சேர்த்துவிட்டதே அக்காதான். சேர்த்துவிட்ட நாளிலிருந்து அவள் மேல் ஒரு கண் வைத்திருக்கிறார். அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், சும்மா இருந்தால் என்ன யோசிக்கிறாள்.

போன வாரம் முதலாளி ஒரு கூட்டைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தார். பெரிய கடை ஒன்றிலிருந்து திரும்பி வந்தது.

"மனுஷக் கை இவ்வளவு சீரா தைக்காது, இது மிஷின் வேலைன்னு சொல்றாங்க. உள்ள அட்டையில உங்க தம்பி சம்சாரம் பேரு இருக்கு. வெளியே குடுத்து வாங்குதோ என்னவோ. நீங்களே பாத்துச் சொல்லுங்க. அப்படி இருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கே கணக்கை முடிச்சுக்கட்டும்."

வேலையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம், ஆனால் வேறு கை படக்கூடாது என்பது பட்டறையின் சட்டம். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் தைத்தவர் பெயர் எழுதிய சின்ன அட்டை ஒன்று போகும். "அந்தப் பேரு பொய்யாயிட்டா நம்மகிட்ட விக்கிறதுக்கு ஒண்ணுமில்லக்கா. வெறும் டப்பா எல்லாக் கடையிலயும்தான் கிடைக்குது" என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

அக்காவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. நினைத்தது சரியாகிவிட்டதே. கூடவே ஓர் எரிச்சல், இதை எப்படித் தன் கண்ணே விட்டது? குற்றம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார், இல்லாததால் விட்டுவிட்டார். இவ்வளவு சுத்தமாக இருப்பதே குற்றமாக இருக்கலாம் என்று தோன்றாமல் போயிற்றே!

கத்தி முனையால் ஒரே ஒரு தையலை அறுத்தார். மிஷின் தையல் என்றால் ஒன்று அறுந்ததும் அடுத்ததும் தளர்ந்து கூடவே வந்துவிடும். கையால் தைப்பவர்கள் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரும் புதிருமாக விடுவார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது விட்டுக்கொடுக்காது. அறுத்த இடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பக்கத்துத் தையல் அசையவில்லை.

"கைதான், சந்தேகமே இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எதிரே தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியால் குத்திக்கொண்டார்.

சரி, கைதான். யாருடைய கை? கூட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். வலக்கைக்காரர்கள் தைத்தால் தையல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இதில் எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தன. தைத்தது இடக்கை. தம்பி பெண்டாட்டியோ அக்கா கண்ணெதிரே தினமும் வலக்கையால் தைக்கிறவள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! யாரோ ஓர் ஏமாளிக்குப் பாதிக் கூலி கொடுத்துவிட்டு மீதியை அமுக்குகிறாள். தம்பி பாவம், ஒன்றும் தெரியாதவன்.

கடைசியாக, தையல் முடிகிற இடத்தைப் பார்த்தார். நூல் பிரியாமலிருக்க இரண்டு தையல் பின்னால் போய் முடிப்பது வழக்கம். இதில் மூன்றாவதாக ஒன்று இருந்தது.

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் பந்து கிழிந்தால் தம்பிதான் தைப்பான், இடக்கையால். ரெண்டு போதும்டா என்றால் கேட்க மாட்டான். "பிரிஞ்சிடும்கா, எனக்கு நம்பிக்கை இல்ல" என்று இன்னொன்று போடுவான். அந்த அவநம்பிக்கை அவர்கள் குடும்பச் சொத்து.

தம்பி பெண்டாட்டியைப் பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

"உன் புருஷன் காலையில எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புறான்?"

அவள் திருதிருவென்று முழித்தாள். பிறகு அழுதுவிட்டாள்.

"கம்பெனியை மூடிட்டாங்க அண்ணி. மழைக்காலத்துக்கு முன்னாடியே. கொஞ்ச நாள் சட்டையை மாட்டிக்கிட்டு எங்கயாவது போய் உக்காந்துட்டு வந்தாரு. ஒருநாள் என் கையில இருந்ததை வாங்கித் தைச்சுப் பாத்தாரு. அதுலேர்ந்து வீட்டைவிட்டு நகர்றதில்ல. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றதோட சரி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?"

"வேற யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு நிக்கிறாரு. நீங்க அவரை மட்டும்தான் எதுவுமே துருவிக் கேக்கறதில்லையாம். சாயங்காலம் நான் உள்ள நுழையும்போதே, 'அக்கா பெருக்கல் போட்டாளா?'ன்னுதான் கேப்பாரு. இல்லைன்னு சொன்னாத்தான் சாப்பிட உக்காருவாரு."

ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டவர், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அதைப் பாசம் என்று வேறு நினைத்திருக்கிறார். தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. "மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

மேசைக்குத் திரும்பியபோது கூடு அங்கேயே இருந்தது. அவள் கைதான் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, அட்டையில் இருக்கும் பொய் அப்படியே ஓடும். இத்தனை வருஷத்தில் ஒரு பொய்கூட அந்த மேசையைத் தெரிந்தே தாண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் இருக்கிற ஒரு சம்பளமும் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் அடிபடுவது தம்பிதான்.

முதலாளி கதவருகே வந்து நின்றார். "என்னக்கா, மிஷினா?"

"கை."

"அப்பாடா! அப்ப அந்தப் பொண்ணோட கைதானே?"

ஊசிகள் நின்றன. முகம் கழுவிக்கொண்டு வந்த தம்பி பெண்டாட்டி வாசலிலேயே நின்றாள். அக்கா எழுந்து வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே ஒரு நாற்காலி ஆளில்லாமல் கிடந்தது. அந்தப் பட்டறையில் எல்லா மேசையிலும் விளக்கு இடதுபக்கம்தான் இருக்கும், தைக்கிற வலக்கையின் நிழல் தையல் மேல் விழாமலிருக்க. அக்கா அந்த விளக்கின் திருகைத் தளர்த்தி, இடதுபக்கத்திலிருந்து கழற்றி, வலதுபக்கத்தில் மாட்டி முறுக்கினார். சுவிட்சைப் போட்டார். பிறகு தன் இடக்கையை அதனடியில் நீட்டி, நிழல் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்தார்.