கண்ணாடிப் பெட்டிக்குள் என் நடவுக் கயிறு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, மலாயாவின் கேமரன் மலையில் கங்காணியாக நான்கு சரிவுகளில் தேயிலை நட்டேன். எஸ்டேட் பாதைக்கு மூன்று மரப்பாலம் போட்டேன். பிறகு கீழே இறங்கித் தாப்பாவில் சொந்தமாக இரண்டு லோரியும் ஒரு மரக்கடையும் வைத்தேன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. நான் நட்ட எஸ்டேட்டில் பழைய சாமான்களைச் சேர்த்து ஒரு சரித்திர அறை திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் புறப்பட்டேன்.

காலை ஏழு மணி. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அரசு வேட்டையாடும் அவசரகாலம், மலைக்குத் தனி வண்டி போகக் கூடாது. தாப்பாவில் பதினான்கு வண்டிகள் வரிசைகட்டின, முன்னும் பின்னும் கவச வண்டி. சோதனைச் சாவடியில் மலாய்க் காவலர் என் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம்.

என் லோரியை ஓட்டிய காதர் பாய் சிரித்தார். “மலையையே நட்டேன்றீங்க கங்காணி, ஒரு பொட்டலத்த மேல ஏத்த முடியல லா!”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு பாய்.”

பத்தரை மணிக்கு எஸ்டேட். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. பழைய எடைக் கொட்டகைதான் சரித்திர அறை. நுழைவு இருபது காசு. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி சுற்றிக் காட்டினார். துரையின் தொப்பி, கவாத்துக் கத்தி. அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஒரு தேங்காய்நார்க் கயிறு, முடிச்சுக்கு முடிச்சு சிவப்புத் துணி. சரிவில் இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு ஒரு கன்று நடுவோம். கீழே இருந்த ஆங்கிலச் சீட்டைக் கிராணி படித்துச் சொன்னார்: முதல் துரை தன் கையால் முடிச்சிட்ட நடவுக் கயிறு.

“துரையா? அவர் பூட்ஸ் கயித்தயே பட்லர்தான் கட்டிவிடுவான். இது நான் போட்ட முடிச்சு.”

“எல்லா எஸ்டேட்லயும் இந்த மாதிரி கயிறு இருக்கு பெரியவரே. எப்படி நம்புறது?”

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நாலடிக் குச்சியால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது காலில் அட்டை கடித்தது. அதைப் பிய்த்துப்போட்ட அவசரத்தில் பதினொன்றாம் முடிச்சு ஒரு சாண் குறைந்துவிட்டது. நான்காவது சரிவு முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. கயிற்றைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டேன்.

கிராணி பெட்டியைத் திறந்து முடிச்சுகளை அளந்து எண்ணினார். பத்து வரை சரி. பதினொன்று ஒரு சாண் குறைவு. மனுஷன் அப்போதும் ஒப்பவில்லை.

“செடியும் சொல்லட்டும்” என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் நான் முதலில் நட்ட சரிவு. பாதையோரத்து முதல் செடியின் தூரில் கயிற்றைக் கட்டி இழுத்தோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கத்தினாள்: “என்னா தாத்தா, மலைக்கு அரைஞாண் கட்டுறீங்களா?”

“ஆமா, உங்க மலைய பெத்தவன் நான்தான்!”

கிராணி குனிந்து, இலைகளை விலக்கி, ஒவ்வொரு தூராகத் தொட்டுப் பார்த்தார். பதினொன்றாவது தூர், முடிச்சின் நேர் கீழே, பக்கத்துச் செடியோடு இடித்துக்கொண்டு நின்றது. அடுத்த வரிசையிலும் அப்படியே. நிமிர்ந்தவர் முழங்கால் மண்ணைத் தட்டினார்.

“கங்காணி ஐயா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா துரையக் கேக்காம சீட்ட மாத்த முடியாது.”

“கேளுங்க. கேட்டுட்டு மாத்துங்க.”

இரண்டு மணிக்கு வண்டி வரிசை கீழே இறங்கியது. தாப்பாவில் என் கடைப் பலகையில் என் பேர் பெரிதாகவே இருக்கிறது. அது நானே காசு கொடுத்து எழுதியது. மலையில் மற்றவர்கள் எழுத வேண்டும். இதைப் படிக்கும் எஸ்டேட் துரை அவர்களே, தொப்பிக்கு உங்கள் ஆள் பேரே இருக்கட்டும். கயிற்றுக்கு என் பேரைப் போடுங்கள்: முடிச்சிட்டவர், கங்காணி கருப்பையா. ஒரு சாண் குறைத்தவனும் அவனேதான் என்று சேர்த்தே எழுதுங்கள்.