ரத்னாபாய் கேட்காத கேள்வி

பாங்காக் போக ஆசையாய் வந்து உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம், "உங்களுக்கு நெஞ்சுவலி உண்டா?" என்று கேட்பதா? சே, அது என்ன பேச்சு! தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிய ரத்னாபாய், முதல் மாதத்துக்குப் பிறகு யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அந்த முதல் மாதம் ஒரு நகைக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டாள். "புறப்படும்போதே அபசகுனமா வாயால சொல்றியே" என்று அவர் எழுந்து போய்விட்டார், டிக்கெட்டும் போச்சு. முதலாளி கல்யாணராமன் அன்றைக்குப் போட்ட சத்தம் கீழே ரோடு வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். இன்சூரன்ஸ் ஃபாரத்தில் பேர், வயசு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் கேட்பாள். ஆள் செத்தால் பணம் யாருக்கு என்ற இடம் வந்தால், "வீட்டுல யாரு பேரு போடட்டும்?" என்று சிரித்தபடி கேட்பாள். இதயம், சர்க்கரை, பிரஷர் என்று வரிசையாக வரும் ஆறு கட்டங்களுக்கு மட்டும் கேள்வியே கிடையாது. ஆறிலும் 'இல்லை' என்று அவளே டிக் போட்டுவிடுவாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, பாவி மகளுக்கு. அதை மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

2003 பிப்ரவரியில் ஆரியசாலை ஆறுமுகசாமி வந்தார். பைப், பம்பு செட் மொத்த வியாபாரம், வயது அறுபத்திரண்டு. வருஷத்தில் நிறையப் பைப் விற்ற கடைக்காரர்களைப் பைப் கம்பெனியே தாய்லாந்துக்குக் கூட்டிப்போகிறது. ஐந்து நாள், ஆண்கள் மட்டும். மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை. கூடவே அவர் மனைவி கோமதியம்மாளும் படியேறி வந்திருந்தாள். போகாதவளுக்கு இங்கே என்ன ஜோலி என்று ரத்னாபாய்க்கு அப்போது தோன்றவில்லை.

"அதுல என்னெல்லாம் கேட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லேன் மோளே," என்றாள் கோமதியம்மாள்.

"ஏளா, அது ஆபீஸ் காரியம். நீ சும்ம இரி," என்றார் அவர்.

"ஒண்ணும் இல்ல அம்மா, எல்லாம் பேப்பருக்குத்தான்," என்று ரத்னாபாயும் ஒத்து ஊதினாள். "அண்ணாச்சி, இதுல ஒரு ஒப்பு போடுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். கோமதியம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்து, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கடைக்காரர்கள் விமானம் ஏறிய நான்காம் நாள் காலை பத்தரைக்கு ஆபீஸ் போன் அடித்தது. கூட்டத்தைக் கூட்டிப்போயிருந்த ஷாஜி, பட்டாயாவிலிருந்து பேசினான்.

"சேச்சி, ஆறுமுகசாமி அண்ணாச்சி போட்டுல இருந்து எறங்கும்போ நெஞ்சப் பிடிச்சிட்டு அப்படியே இருந்துபோயி. ஆஸ்பத்திரியில கிடக்கார். நெஞ்சுக் குழாயில பிளாக்காம், இன்னைக்கே ஆபரேஷன் செய்யணுமாம். பணம் தாறோம்னு இன்சூரன்ஸ்காரங்க லெட்டர் வந்தாத்தான் இவங்க கைவைப்பாங்க. ஒண்ணு போன் விளிச்சுச் சொல்லணும் சேச்சி, வேகம்!"

 ரத்னாபாய் ஃபைலை இழுத்தாள். ஆறு கட்டத்திலும் நீல மையில் அவள் போட்ட டிக். ஒவ்வொரு பாலிசியோடும் தன் கையாலேயே வைத்துக் கொடுத்த சின்னப் புத்தகத்தை, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் திறந்து வாசித்தாள்.

எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று இரண்டு பக்கத்துக்கு இருந்தது. குடித்துவிட்டு விழுந்தால் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டினால் கிடையாது. கடலில் சறுக்கி விளையாடி அடிபட்டால் கிடையாது. ஐயோ, இத்தனையையும் தெரியாமலா இத்தனை பேரைப் பிளேன் ஏற்றினோம்! அடுத்த வரிக்குப் போனாள். முன்பே இருந்த நோய்க்குக் கிடையாது. ஆனால் உயிர் போகும் அவசரம் என்றால், உயிரைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு மட்டும் உண்டு. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. நோயைக் கேட்டும் மறைத்தவருக்கு அதுவும் கிடையாது.

அந்தப் புத்தகத்தை மூடவும் அவளுக்குக் கை வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து யூசுப் என்பவர் கூப்பிட்டார். நிதானமான குரல்.

"பேஷண்டுக்கு மூணு வருஷமா ஹார்ட் ட்ரபிள் இருக்காம், மாத்திரை சாப்பிடறாராம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல இருக்கு. ஃபாரத்துல இல்லைன்னு இருக்கு மேடம். எழுதினது நீங்கதானே? அவர்கிட்ட கேட்டுத்தான் எழுதினீங்களா?"

கல்யாணராமன் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ரிசீவரைக் கையால் மூடச் சொல்லி சைகை காட்டினார். "கேட்டேன், இல்லேன்னார்னு சொல்லிடும். கையெழுத்து அவரோடது. கேக்காம எழுதினோம்னு தெரிஞ்சா நம்ம ஏஜென்சியே போயிடும். அப்புறம் நீர் வேலையில்லாம ஆத்துல உக்கார வேண்டியதுதான், கேட்டீரா?"

கேட்டாள், கேட்காமல் என்ன. புருஷன் யோசுவாவுக்கு நிலையான வேலை கிடையாது. மகள் ஷீனா நர்ஸிங் இரண்டாம் வருஷம். 

"கேட்டேன் ஸார்," என்றாள். "இல்லன்னு சொன்னார்."

"அப்போ மறைச்சிருக்கார். அப்படின்னா லெட்டர் கொடுக்க வழியில்ல மேடம். மூணு மணிக்கு முடிவைச் சொல்லிடறேன்."

ரிசீவரை வைத்த பிறகு அவளுக்குத் தன் குரலே தன் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்டவரே, என்ன சொல்லிவிட்டேன் என்று மார்பைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணராமன் நிம்மதியாகக் காப்பி வரவழைத்தார்.

ஷாஜி சொல்லித் தகவல் தெரிந்து, ஒன்றரை மணிக்கு கோமதியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சாலை வெயிலில் செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மருத்துவக் கல்லூரியில் எடுத்த பழைய ஈ.சி.ஜி. காகிதங்கள்.

"லெட்டர் போயாச்சா மோளே?"

ரத்னாபாய் அந்தக் கவரைக் கையில் வாங்கினாள். "அம்மா, அண்ணாச்சிக்கு முன்னாலயே நெஞ்சுல சொகக்கேடு இருந்துதா?" என்று கேட்டாள். கேட்கும்போதே நாக்கு கூசியது.

"மூணு வருஷமாட்டு. பிளெய்ன்ல ஏறப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாரு. இவியளுக்குக் காதுல ஏறல்ல. நான் வாயத் தொறந்தா வீட்டுல சண்டை. அடுத்த வீட்டு பார்வதியம்மாள் சொன்னா, அந்தப் பேப்பர்ல நோய் நொடியெல்லாம் கேப்பாவன்னு." கோமதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆபீஸ்காரி கேட்டா அவிய பொய் சொல்ல மாட்டாவ. சொன்னாலும் நான் பக்கத்துல இருக்கேன்லா, எடுத்துச் சொல்லிரலாம்னு நெனச்சேன். யாத்திரை நின்னுரும். அதுக்குத்தான் நான் அன்னைக்குக் கூட வந்தேன். நீ கேப்ப, கேப்பன்னு உன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன் மோளே. நீ கேக்கல்லியே."

 இத்தனை வருஷம் மரியாதை மரியாதை என்று சொல்லிக்கொண்டதெல்லாம் ஒரு நகைக்கடைக்காரன் மேல் இருந்த பயம்தான் என்று ரத்னாபாய்க்கு இப்போது தெரிந்தது. வேலை போகும். ஷீனாவின் படிப்பும் நின்றுபோகலாம். பயம் விட்டபாடில்லை. அந்தப் பயத்தோடேயே ரிசீவரை எடுத்து சென்னை நம்பரை அழுத்தினாள்.

"யாருக்குப் பண்றீர்?" என்று கல்யாணராமன் எழுந்து வந்தார்.

"யூசுப் ஸாரா? தம்பானூர்ல இருந்து ரத்னாபாய் பேசுதேன். நான் மொதல்ல சொன்னது பொய். நான் அவர்ட்ட கேக்கவேயில்ல. ஆறு கட்டமும் நானே போட்டது. அவர் ஒண்ணையும் மறைக்கல்ல ஸார், மறைச்சது நான்தான்."

யூசுப் அதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் பண்ணுவீங்களா?"

"இப்பவே அனுப்புதேன்."

அனுப்பினாள். மூன்று மணிக்கு யூசுப்பே கூப்பிட்டார். உயிர் காக்கும் சிகிச்சைக்கு மட்டும் லெட்டர் போய்விட்டது, அதற்குமேல் ஆகும் செலவு குடும்பத்தின் பாடு என்றார். நாலு மணிக்கு ஷாஜி கூப்பிட்டான். அண்ணாச்சியை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள், முடிய இரண்டு மணி நேரமாகும், டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணராமன் அவள் மேஜைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "நாளைக்கு வர வேண்டாம். இப்பவே கிளம்பினாலும் எனக்கு ஆட்சேபமில்லே," என்றார்.

ரத்னாபாய் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். கோமதியம்மாள் அவள் கையை எட்டிப் பிடித்தாள். மன்னித்ததாக அந்த முகத்தில் ஒன்றும் இல்லை, பிடி மட்டும் இறுகியிருந்தது.

"போன் வாரது வரைக்கும் போவாத. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் அம்மா," என்றாள் ரத்னாபாய். இதுவரை ஒருநாளும் உட்கார்ந்திராத வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.