லவாலில் விட்டுவந்த கைத்துப்பாக்கி

மனச்சோர்வுக்கு டாக்டர் தந்த மாத்திரையைத் தொடங்கி மூன்றாவது மாதத்தில் என் குறி தவறத் தொடங்கியது. பதினொரு வருடமாக ஞாயிறுதோறும் கிளப்பில் காகித வட்டங்களைச் சுடுகிறவன் நான். என் கைத்துப்பாக்கி, என் கையின் அளவுக்கென்றே பக்கத்து ஊரான லவாலில் ஒரு கடையில் செய்வித்தது. முன்பெல்லாம் ஐந்து குண்டும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குள் விழும். இப்போது சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறின. மாத்திரையால் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். நினைத்தேனே தவிரக் கவலைப்படவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கவலையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. காரணம் சொல்ல வீட்டில் ஒன்றும் நடந்திருக்கவுமில்லை.

துப்பாக்கியை அந்தக் கடையில் காட்டச் சொன்னது மனைவிதான். நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டபோது வாசலில் நின்று சொன்னாள்: "திருத்தினாப் பிறகு அதை அங்கையே விட்டிட்டு வாங்கோ."

"ஏன்?"

"நீங்கள் இப்ப இருக்கிற மாதிரிக்கு அது வீட்டிலை வேண்டாம்."

அவளுக்குக் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. என்னைப்போல எத்தனையோ பேரைப் பார்த்தவள்.

"நான் அப்பிடி ஒண்டும் நினைக்கேல்லை."

"தெரியும். விட்டிட்டு வாங்கோ."

கடைக்காரர் கியூபெக்காரர். எங்கள் பேச்செல்லாம் பிரெஞ்சில்தான். குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் கையில் பிழையில்லை. குழல் தேய்ந்துவிட்டது" என்றார். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

லைசன்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு புதுக் குழல்களை மேசையில் வைத்தார். ஒன்று அப்படியே பொருந்தும், பத்து நிமிட வேலை. மற்றதில் உலோகம் கொஞ்சம் கூடுதலாக விடப்பட்டிருந்தது. என் துப்பாக்கிக்கு ஏற்ப அரத்தால் ராவ வேண்டும், அரை நாள் ஆகும், ஆனால் குறி இன்னும் திருத்தமாக இருக்கும். பழைய நானென்றால் ஒரு வாரம் கேள்வி கேட்டே அவரைக் களைக்க வைத்திருப்பேன். இரண்டாவதைக் காட்டினேன். மாலைவரை வீட்டுக்குப் போகத் தேவையில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

குழலின் பின்முனையில் கறுப்பு மை பூசிப் பொருத்தினார், கழற்றினார். மை எங்கே உரசி அழிந்திருந்ததோ அங்கே மட்டும் இரண்டு இழுப்பு ராவினார். மறுபடி மை. நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது உரசலின்றி மூடியது. பின்னாலிருந்த சிறிய சுடுமிடத்தில் ஐந்து முறை சுட்டேன். காகிதத்தை எடுத்துவந்தார். துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

"இதை இங்கேயே வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது. எனக்குச் சுகமில்லை."

என்னைப் பார்த்தார். ரசீதுத் துண்டு எழுதித் தந்து, துப்பாக்கியை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "எடுக்க வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். அப்படி வர எங்களுக்கு அடுத்த வருடக் கோடையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவள் வேலைக்குப் போகும் உடுப்போடு குசினியில் அடுப்பருகே நின்றாள்.

"விட்டிட்டியளே?"

"ஓம்."

கதிரையில் அமர்ந்து அழத் தொடங்கினாள். நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை.