எண்பத்து மூன்று சதவீதம்

பிப்ரவரி 3: கேட்டது மூன்று டிஸ்க், 27,600.
பிப்ரவரி 19: விண்ணப்பம் திரும்பியது.
மார்ச் 11: கேட்டது இரண்டு, 18,400.
ஏப்ரல் 8: கிடைத்தது ஒன்று, 9,200.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர். பத்தொன்பது வருடமாக அங்கே கேபிள் இழுத்துக் கணினிகளைக் கட்டிக் காத்தவர். ஸ்கேன் படங்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே, குளிர் அறை சர்வரில் இருந்தன. அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்.

பிப்ரவரி 2 அன்று ஒன்று உயிரை விட்டது. உடனே மூன்று கேட்டார். செத்ததற்கு ஒன்று, கிழடு தட்டியதற்கு ஒன்று, தனியாகப் பிரதி எடுத்து வைக்க ஒன்று.

கொள்முதல் அதிகாரி சிரித்தார். "ஒண்ணு ஓடுதில்ல? அப்புறம் என்னய்யா அவசரம்?"

"ரெண்டும் ஒரே பெட்டியில வந்தது சார். ஒண்ணுக்கு வந்தது இன்னொண்ணுக்கும் வரும்."

"டிஸ்குக்கும் பரம்பரை வியாதியா!"

ஏப்ரல் 9 காலை எட்டரைக்குப் புது டிஸ்கைச் சொருகினார். மிஞ்சிய கிழட்டு டிஸ்க் தன்னிடம் உள்ளதை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் புதியதற்குக் கொடுக்க வேண்டும். ஏழு மணி நேர வேலை. திரையில் சதவீதம் நத்தையாக ஊர்ந்தது.

நாற்பத்தொன்றில் அக்கா போன் செய்தாள்.

"டேய், டாக்டர் என் பழைய படத்தைக் கேக்கறாரு. நுரையீரல்ல இருக்கிற புள்ளி மூணு வருஷத்துல வளர்ந்திருக்கான்னு பாக்கணுமாம். வளரலைன்னா அப்படியே விட்டுடலாமாம். படம் இல்லைன்னா அறுத்துத்தான் பாக்கணுமாம்."

"இருக்குக்கா, எங்கே போயிடும்? இப்பத் தொட்டா இதுக்குப் பளு ஏறும். சாயங்காலம் எடுத்துத் தர்றேன்."

"டிஸ்கைத் தாங்குற தாங்கல்ல பாதி அக்காவைத் தாங்கக் கூடாதாடா?" சிரித்தபடியே வைத்துவிட்டாள்.

மதியம் இரண்டு இருபதுக்கு, எண்பத்து மூன்றில், எண் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று நகம் தட்டுவது போன்ற சத்தம். பிறகு சிவப்பு விளக்கு. கம்பிக்காரர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வேறு என்ன செய்வது? அணைத்துப் போட்டார், திறக்கவில்லை. பாதியில் நின்ற புதியதும் திறக்கவில்லை. டிஸ்க் மீட்கும் கடைக்காரர் நான்காம் நாள் கையை விரித்தார்: "உள்ளே தட்டே கீறிப்போச்சுங்க."

காலையில் அந்த ஒரு படத்தை எடுத்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எடுக்காதே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அக்காவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சரி விடு," என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "நீ சாப்பிட்டியா?"

ஏப்ரல் 24 அன்று அறுத்துப் பார்த்தார்கள். பழைய சளியின் வடு, வேறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த ஒன்றுமில்லாததற்குப் பதினோரு தையல். அக்காவால் தலை வார இடது கையைத் தூக்க முடியவில்லை. சீப்பை வாங்கித் தம்பி வாரிவிட்டார், வகிடு கோணலாக.

அலுவலகத்திலிருந்து கடைசியாக ஒரு கடிதம்: இரண்டாவது டிஸ்க் வாங்க அனுமதி, 9,200. வந்து சேர்ந்த தேதி மே 17.