வழுக்கைப் பந்துகள்

பொன்னாடை போர்த்தி ஒருத்தியை மூலையில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் டென்னிஸ் கிளப்பின் செயலாளர் வீடு தேடி வந்தார். பெரார்கஞ்ச் பள்ளியில் என்னிடம் படித்தவர்தான். அந்தக் காலத்திலேயே இந்தத் தீவில் மட்டை பிடித்த பெண் என்று எனக்குப் பாராட்டு விழாவாம்.

“ஷால் வேண்டாம். உன்கூட ஒரு ஆட்டம் வை. என் கண் முன்னால புதுப் பந்து டப்பா திறக்கணும்” என்றேன்.

“அரே டீச்சர், இந்த வயசுல எதுக்கு? ஆராம்ஸே, நிம்மதியா உக்காந்து பாருங்க.”

“வயசு எண்பதுதானே ஆகுது. செத்தா போயிட்டேன்?”

அந்த டப்பாமேல் எனக்கு ஒரு பழைய ஆத்திரம் உண்டு. அப்பா ஹேடோ துறைமுகத்தில் குமாஸ்தா. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் மைதானம். பந்து மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். வந்ததும் ஆண்கள் ஆடுவார்கள்; ரோமம் உதிர்ந்து வழுக்கையான பிறகு அவை எங்களுக்கு. “லேடீஸுக்கு இது போதும்” என்பார் அன்றைய செயலாளர். மழையில் ஊறிய அந்தப் பந்து கணுக்காலுக்கு மேல் எழும்பாது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து குனிந்து, பந்தைத் தரையோடு சீவிவிடப் பழகினேன். பார்த்தவர்கள் பேசினார்கள். பேசட்டுமே.

ஒரு மழைக்காலம் கடல் கொந்தளித்துக் கப்பல் வரவே இல்லை. கிளப்பில் இருந்த பந்தெல்லாம் வழுக்கை. சாம்பியனாக இருந்த அதிகாரி, ஆட ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார். குனிந்து பழகாத மனிதர். இரண்டு செட்டும் என்னுடையவை. கைகூடக் குலுக்காமல், “இதெல்லாம் ஒரு ஆட்டமா? புதுப் பந்து வரட்டும், பாக்கலாம்” என்றார்.

கப்பல் வந்தது. பந்தும் வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. பிறகு கல்யாணம், பெரார்கஞ்ச் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை. அங்கேயும் கிளப் கழித்துப்போட்ட பந்துகள்தான் தானமாக வந்தன.

ஆட்டத்துக்கும் ஒத்துக்கொண்டுதான் செயலாளர் விழா வைத்தார். அன்று போர்த்திய சால்வையை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு மட்டையை எடுத்தேன். முழங்கால் வலித்தது. பயமாகவும் இருந்தது. அந்த அதிகாரி சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்?

செயலாளர் டப்பாவைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. மெதுவாகத்தான் அடித்தார். பழக்கதோஷத்தில் குனிந்தேன், பந்து என் தலைக்கு மேலே போயிற்று. கூட்டம் “அச்சச்சோ” என்றது.

அடுத்த பந்துக்கு நான் குனியவில்லை. சும்மா நின்றேன். அது தானாகவே எழும்பி இடுப்புக்கு நேராக வந்தது. ஓங்கி அடித்தேன். செயலாளர் ஓடியும் எட்டவில்லை.

“இவ்ளோதானாடா?” என்று கத்தினேன். “இவ்ளோ சுலபமான ஆட்டத்தையா இத்தனை வருஷமா ஆம்பளைங்க நீங்க ஆடிக்கிட்டு இருந்தீங்க?”