ஆற்றுக்குக் காய்ச்சல் பார்த்தவன்

ஆற்றுக்குக் காய்ச்சல் வராது என்று நான் உறுதியாக நம்பிய காலம் ஒன்று உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஆறு எப்போது கை வைத்தாலும் சில்லென்றுதான் இருக்கும். மார்கழியில் உள்ள குளிர்ச்சிதான் பங்குனியிலும் இருக்கும். அதை நாள்தோறும் அளந்து பார்ப்பது கல்லுக்கு நாடி பிடிப்பது போன்ற வேலை என்பது என் கட்சி. இத்தனைக்கும் நான் கம்பவுண்டர். துளிக் கணக்கில் மருந்து கலக்கிப் பிழைத்தவன். அப்படிப்பட்டவன் இப்படி நம்பலாமா என்று கேட்கக் கூடாது. மலை ஏறச் சோம்பல்படுகிறவனுக்கு எந்தச் சாத்திரமும் தோதாகத்தான் வந்து நிற்கும்.

களியக்காவிளையில் இப்போது நான் வைத்திருக்கும் மருந்துக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு பித்தளைக் குழல் தொங்குகிறது. அதற்குள் ஒரு முழ நீளத்தில் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று. கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, இது யானைக்குக் காய்ச்சல் பார்ப்பதா என்று கேட்பார்கள். ஆற்றுக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கவென்று ஊரில் நாலைந்து பேர் உண்டு. அவர்களை நான் குறை சொல்வதில்லை, அப்படிப் பழக்கிவைத்ததும் நான்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது உண்மை. அதை என் கையில் கொடுத்தவர் துரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு இறங்கிவரும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட இரண்டு அறைத் தகரக் கட்டடத்துக்கு நான் கம்பவுண்டராகப் போனபோது எனக்கு இருபத்துநாலு வயது. தோட்டத்து மேனேஜரான துரை ஸ்காட்லாந்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர், கலியாணம் செய்யாதவர், ஆறடிக்கு மேல் உயரம். கொழுந்து கிள்ளுகிறவர்களிடமும் சுமடு தூக்குகிறவர்களிடமும் தமிழ் படித்ததால் எல்லோரையும் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல ‘மக்கா’ என்றே கூப்பிடுவார். திருவனந்தபுரத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவரை, “வா மக்கா, இரி” என்று அவர் வரவேற்க, அந்த மனிதர் கடைசிவரை நாற்காலியில் உட்காராமலே பேசிவிட்டு மலையிறங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

துரைக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, வேட்டையும் கிடையாது. தூண்டில் மட்டும் உண்டு. அதுவும் புழு கோத்துப் போடுகிற நம்மூர்த் தூண்டில் இல்லை. சேவலின் கழுத்து இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சிபோலக் கட்டி, நீண்ட கம்பால் சாட்டை வீசுவதுபோல் வீசி, அந்தப் பூச்சியைத் தண்ணீர் மேல் இறக்குவார். இடவப்பாதி மழை பிடித்து ஆறு செம்மண் நிறத்தில் மரங்களை உருட்டிக்கொண்டு இறங்கும் நாட்களில் கம்பு உத்தரத்தில் கிடக்கும். துரை சன்னலோரம் உட்கார்ந்து பூச்சி கட்டிக்கொண்டிருப்பார். ஆவணியில் தண்ணீர் தேயிலைச் சாயம்போலத் தெளியும்போது கறுப்புப் பூச்சி. ஐப்பசி மழை கழிந்து மார்கழி, தை வந்தால் கொசுவைவிடச் சற்றே பெரிய சாம்பல் பூச்சி. மாசிக்குப் பிறகு ஆறு எலும்பு தெரிய மெலிந்துவிடும். தன் நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் கலைந்துவிடும் என்று அப்போது முழங்காலிலேயே கரையோரம் நகர்ந்து போவார். சம்பளம் கொடுக்கிற துரை தவழ்ந்து போவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்பதற்குத் தோட்டத்தில் எல்லோரும் பழகியிருந்தோம்.

கிடைப்பதெல்லாம் எங்கள் ஆற்றுக் கெண்டைதான். கையில் எடுத்து ஒரு தடவை பார்ப்பார், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். பங்களாவில் சமைக்கும் குசினிக்காரருக்கு இது தாங்கவில்லை.

“வோய் கம்பவுண்டரே, வீட்டுல நிக்குக ஒரு சேவலுக்கும் கழுத்துல தூவலு இல்ல. எல்லாத்தையும் பிச்சு முள்ளுல சுத்தியாச்சு. அதக் கொண்டு புடிச்ச மீனையும் ஆத்துலயே வுட்டுட்டு வாறாரு. அவருக்கு வயித்துல பசி இல்ல கேட்டேரா, கையில பசி.”

கையின் பசி என்னவென்று துரையே ஒரு நாள் சொன்னார். “கெண்டை நல்ல மீன், மக்கா. ஆனா அது எனக்க வீட்டு மீன் இல்ல.” அவர் வீட்டு மீனின் பெயர் ட்ரவுட். குளிர்ந்த ஓடும் தண்ணீரில் மட்டும் வாழும். வடக்கே உயர்ந்த மலைத் தோட்டங்களில் சில துரைமார் அதைக் கொண்டுவந்து வளர்த்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டபோது, ஆற்றின் சூட்டை ஆறு மாதம் தினமும் அளந்து எழுதி அனுப்பு, பாரன்ஹீட் கணக்கில் எழுபது டிகிரிக்குள் நின்றால் குஞ்சு தருகிறோம், எழுபத்தைந்தைத் தொட்டால் அந்த மீன் பிழைக்காது என்று பதில் வந்ததாம். தோட்டத்தில் சூடு அளக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். பித்தளைக் குழலும் ஒரு நோட்டும் என் கைக்கு வந்தன.

மாசியில் தொடங்கினேன். பங்களாவுக்கு மேலே ஒரு மைல் ஏறினால் பாறைகளுக்கு நடுவே ஆற்றுத் தண்ணீர் தேங்கும் ஆழமான கசம் ஒன்று, மூங்கில் நிழலில் கறுத்துக் கிடக்கும். எட்டு நாள் ஒழுங்காகப் போய் அளந்தேன். அறுபத்தேழு, அறுபத்தெட்டு, மறுபடியும் அறுபத்தேழு. ஒன்பதாவது நாள் பாதையின் நடுவே யானை போட்ட சாணப் பிண்டம், ஆவி பறந்துகொண்டிருந்தது. யானை எங்கோ அருகில் நிற்கிறது. கையில் இருந்ததோ தெர்மாமீட்டர். அன்று நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பும் குடையும் என்னைப் பிரிந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, ‘அறுபத்தெட்டு’ என்று எழுதினேன். எட்டு மட்டும் சரிந்து நின்றது.

பிறகு கசத்துக்கு நான் போகவே இல்லை. பங்குனி, சித்திரை வெயிலுக்கு யானை பயம். இடவத்துக்குப் பின் அட்டை பயம். வராந்தாவில் இருந்தபடியே ஆற்றை அளந்தேன். தினமும் ஒரே எண் போட்டால் சந்தேகம் வரும் என்று அறுபத்தாறரை, அறுபத்தெட்டேகால் என்று கலந்து போட்டேன். அந்த அரையும் காலும் போடும்போது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. துரை மாதக் கடைசியில் நோட்டை வாங்கி, அழகான கையெழுத்தில் படி எடுத்து, வடக்கே அனுப்பிவைப்பார். இந்த மலைக்கு அந்த மீன் வரவா போகிறது, வெள்ளைக்காரர்கள் கடிதம் எழுதிக்கொள்வார்கள், அதோடு முடியும் என்று இருந்தேன்.

கார்த்திகையில் மீன் வந்தது. பால் கேன்களில், தலைச்சுமடாக, தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக வழியெல்லாம் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். பாதிக்குமேல் வழியிலேயே செத்துவிட்டன. மீதியைக் கசத்தில் விட்டு, மேலும் கீழும் மூங்கில் தட்டி கட்டினார்கள். விரலைவிடச் சற்றுப் பெரியவை, உடம்பெல்லாம் புள்ளி. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். மார்கழி, தை முழுவதும் சாயங்காலம் தோறும் ஈரல் நறுக்கிக் கொண்டுபோய்ப் போடுவார். சித்திரையில் அவர் ஊருக்குக் கப்பலேற வேண்டும். அதற்கு முன்னால் தன் ஆற்றில், தன் கையால் கட்டிய பூச்சியில், தன் மீன் ஒன்று கடிக்கவேண்டும் என்பது ஒன்றே அவருடைய நினைப்பு.

மாசியில் துரைக்கு மலைக்காய்ச்சல் கண்டது. நாலு வாரம் கட்டிலில் கிடந்தார். கொயினா மருந்தும் போர்வையுமாக நான்தான் கூட இருந்தேன். அவர் காய்ச்சலை மட்டும் ஒழுங்காக அளந்து எழுதினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்த நோட்டையும், அப்போதும் நான் வராந்தாவில் இருந்தே நிரப்பிவந்த ஆற்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். “நான் நூத்திமூணு. ஆறு அறுபத்தெட்டு. ஆறு நல்லா இருக்கு, மக்கா” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குள் ஏதோ இடறியது. பங்குனி முதல் நாள், யானையானாலும் சரி என்று, நடுப்பகலில் கசத்துக்கு ஏறிப்போய்த் தெர்மாமீட்டரை விட்டேன்.

எழுபத்தைந்து.

குழலைத் தட்டிப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். வேறு இடத்தில் விட்டேன், அங்கே எழுபத்தைந்தரை. அந்த அரையை இந்தத் தடவை நான் கற்பனை செய்யவில்லை. செத்த மீன் எதுவும் மிதக்கவில்லை. ஆக, அவை அடியில் குளிர்ச்சி தேடிப் பதுங்கிக் கிடக்கின்றன, காப்பாற்றக் காலம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு பதினேழு நாள் நான் செய்ததைக் கேட்டால் என் கடைக்கு யாரும் மருந்து வாங்க வரமாட்டார்கள். ஈறை என்னும் நாணல் மூங்கிலின் தழையை வெட்டிக் கசத்தின் மேல் பந்தல் போட்டேன். கொழுந்துச் சாக்குகளை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டேன். ஊற்றுத் தண்ணீரை மண்குடத்தில் சுமந்து வந்து கசத்தில் ஊற்றினேன். ஒரு ஆற்றை ஒரு குடத்தால் குளிரவைக்க முயன்ற கம்பவுண்டர் திருவிதாங்கூர் ராச்சியத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் கிறிஸ்தவச் சபையில் அப்பா உபதேசியார்; அவர் ஜெபித்துச் சாரல் பெய்ததாகச் சொல்லுவார்கள். அந்த உரிமையில் கண்ணை மூடி, கையை விரித்து, மழைக்காக நானும் சத்தமாக ஜெபித்தேன். தோட்டத்தின் காட்டுக் காவலரான, மலைக்குடியைச் சேர்ந்த காணிக்காரர் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலையில் துரை கம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். உடம்பு பாதியாகியிருந்தது. பாதி வழியில் ஒரு பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“துரை, அந்த அளவு எல்லாம் நான் எழுதினது. ஆத்துல பாத்தது இல்ல.”

“எத்தனை நாள்?”

“எட்டு நாள் பாத்தேன் துரை. பாக்கி எல்லாம் எனக்க சொந்தம்.”

வேலை போயிற்று என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“நல்லா எழுதியிருந்தே, மக்கா. அரை, கால் எல்லாம் போட்டே. நான் நம்பினேன்.”

அவ்வளவுதான். எழுந்து நடந்தார். கசத்துக்கு வந்து என் பந்தலையும் சாக்குகளையும் சுற்றிப் பார்த்தார். பிரித்துப் போடச் சொன்னார். பிறகு முழங்காலில் நகர்ந்து போய்க் கம்பை வீசினார். நூல் பின்னால் விரிந்து, ஒரு கணம் காற்றில் நின்று, முன்னால் போய், சாம்பல் பூச்சி தண்ணீரில் சத்தமில்லாமல் உட்காரும். ஓட்டம் அதைக் கொஞ்ச தூரம் கொண்டுபோகும். எடுத்து மறுபடி வீசுவார். காலையிலிருந்து உச்சிவரை அப்படியே வீசினார். பூச்சியை எதுவும் தொடவில்லை. பூச்சி இறங்கும் ஒவ்வொரு தடவையும், கடி, கடி என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் நூலைச் சுருட்டிவிட்டு, என்னிடமிருந்து தெர்மாமீட்டரை வாங்கித் தண்ணீரில் விட்டார். எழுபத்தாறு. நோட்டில் தன் கையாலேயே எழுதினார். “மீன் போச்சு. ஆறு போகல்ல. நாளை முதல் ஒரு வருஷம், நீ தினமும் வா. உள்ளதை எழுது. எனக்கு அனுப்பு” என்றார். சித்திரையில் கப்பலேறினார். திரும்பி வரவில்லை, வேறு துரை வந்தார். அவருக்கு மீனும் தெரியாது, நோட்டும் தெரியாது. யாரும் கேட்காவிட்டாலும் நான் போனேன். சித்திரையில் எழுபத்தெட்டு. இடவ வெள்ளத்தில் கரை மரத்தைப் பிடித்துக்கொண்டு அளந்தபோது எழுபது. மார்கழி விடியலில் விரல் மரத்துப்போக அறுபத்திரண்டு. யானைப் பிண்டம் கிடந்தால் ஆறும்வரை தள்ளி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவேன். ஒரு ஆற்றுக்குள் இத்தனை ஆறு இருக்கிறதென்று எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது. அவருடைய மீனை நான்தான் கொன்றேன் என்ற நினைப்பும் கூடவே ஏறி இறங்கியது.

வருடம் முடியப்போகும் மாசியில், நான் அளந்துகொண்டிருக்கையில் காணிக்காரர் பாறையிலிருந்து இறங்கி வந்தார்.

“கம்பவுண்டரே, இன்னும் என்னத்துக்கு இஞ்ச வாறீரு? அந்தத் துரைமீனு எல்லாம் போன மாசியிலேயே நீர்நாய் தின்னுட்டுப் போச்சே.”

“நீரு கண்டேரா?”

“கண்டேன். தள்ளையும் தகப்பனும் மூணு குட்டியும். நாலு நாளு இஞ்சயே கெடந்து தின்னிச்சு. துரை தீனத்துல கெடந்த சமயம்.”

“அப்பமே எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே வோய்.”

“சொல்ல வந்தேன். நீரு சாக்கு கெட்டித் தொங்கவுட்டு, கண்ணடச்சு நிண்ணு என்னமோ சொல்லிட்டிருந்தீரு. செத்த மீனுக்கு உங்க கோயில்ல செய்யுக சடங்குண்ணு நெனச்சேன். அதுக்கு எடையில பேசப்பிடாதுல்லா.”

அன்று தண்ணீர் அறுபத்தெட்டு. துரைக்கு அனுப்பிய தாளில் அதை எழுதி, அதன் கீழே இதையும் எழுதினேன்: மீன்கள் வெயிலில் சாகவில்லை. தண்ணீர் சூடேறுவதற்கு முன்னாலேயே நீர்நாய் தின்றுவிட்டது. பங்குனியில் நான் சாக்கு கட்டியபோதும், நீங்கள் பூச்சி வீசியபோதும், கசத்தில் ஒரு மீனும் இல்லை.